வலிக்காத விரல்

"இன்னும் ஒடி. ஏட்டி, முழுசா ஒடின்னா" என்று கீழேயிருந்து அலெக்ஸ் அண்ணன் கத்தினான். நான் டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை வலது பக்கம் கடைசிவரை ஒடித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். அப்படிப் பிடித்தால்தான் ஆயில் முழு வேகத்தில் ஸ்டீயரிங் குழாய்க்குள் போகும், ஒழுகுகிற இடம் தெரியும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அது நான் பிறப்பதற்கு முன்னால் அப்பா வாங்கிய வண்டி. பேட்டரி செத்துவிட்டது. ஒருமுறை நின்றால் நாலு பேர் சேர்ந்து மேட்டுக்குத் தள்ளி, சரிவில் உருட்டித்தான் கிளப்ப வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் எந்த ரிப்பேராக இருந்தாலும் வண்டியை நிறுத்தாமலே பார்ப்பார்கள். கூமாப்பட்டியில் சமுத்திரம் மாமா வயலில் தண்ணீர் கட்டிவிட்டு, உழவுக்கு எங்களுக்காகக் காத்திருந்தார். சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்.

அப்பா துணியால் குழாயைத் துடைத்து, அதன்மேல் முகப்பவுடர் தூவச் சொல்லியிருந்தார். பவுடர் எங்கே நனைகிறதோ அங்கே ஓட்டை. பவுடர் எடுக்க அவர் வீட்டுக்குள் போயிருந்த நேரத்தில் அண்ணனுக்குப் பொறுமை இல்லை. தோப்பில் சொட்டுநீர்க் குழாயில் ஓட்டை தேடுவது போல, குழாயை விரலால் தடவிக்கொண்டே போனான்.

"ஸ்ஸ்" என்று கையை உதறினான்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. இந்தா, ஓட்டை இங்கதான் இருக்கு. பவுடரும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்."

சிரித்துக்கொண்டே விரலைக் காட்டினான். வலது கை ஆள்காட்டி விரலில், நடுக்கணுவுக்குக் கீழே, ஊசியால் குத்தியது போல ஒரு புள்ளி. அவ்வளவுதான். பவுடர் டப்பாவோடு வந்த அப்பா, "சுண்ணாம்பு வச்சுக்கோலே" என்று சொல்லிவிட்டுப் பழைய டயர் டியூபை வெட்டப் போனார். ஓட்டையின் மேல் டியூபைச் சுற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கினால் இன்றைக்குத் தாங்கும் என்பது அவர் கணக்கு.

நான் சீட்டிலிருந்து இறங்கவில்லை. மேலிருந்து அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பேனரை வலது கையில் எடுத்தான். நழுவியது. மறுபடி எடுத்தான், மறுபடி நழுவியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டான். அந்த விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேர்ந்து மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. வெகுநேரம் தண்ணீரில் ஊறியது போல வெளுத்திருந்தது. ஸ்டீயரிங்கை அழுத்திப் பிடித்திருந்தவள் நான்தான். நான் கொஞ்சம் விட்டிருந்தால் அந்தக் குழாயில் அவ்வளவு வேகம் இருந்திருக்காது.

இறங்கி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய், ராஜபாளையத்தில் இருக்கும் மெக்கானிக் பிரேம்குமாருக்குப் போன் போட்டேன். எனக்கு யாரிடமும் பேச வராது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பேன். பத்தாவதோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு முறை "ஹலோ" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"வண்டி ஓடயிலயா தடவுனான்?"

"ஆமாண்ணே."

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல. வலிக்கலங்கான்."

"வலிக்காதும்மா, அதான் மோசம். ஊசி போட்ட மாதிரி ஆயில் உள்ள போயிருக்கு. விரல அறுத்துக் கழுவி எடுக்கணும். சுண்ணாம்பு கிண்ணாம்புன்னு உக்காந்திருக்காதிய, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. லேட் ஆச்சுன்னா விரலோட நிக்காது."

திரும்பி வந்து பிரேம்குமார் சொன்னதைச் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன்.

"வந்துட்டாய்யா டாக்டரம்மா" என்றான் அண்ணன்.

"அந்த மெக்கானிக் இன்னொரு வேலை புடிக்கப் பயங்காட்டுவான்" என்றார் அப்பா, தலை நிமிராமல். "பொழுது சாயறதுக்குள்ள கூமாப்பட்டி போவணும். பொறவு பாத்துக்கலாம். ஏட்டி, ஏறி ஒடிச்சுப் பிடி."

ஏறினேன். ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. எஞ்சினை நிறுத்தும் கம்பியைப் பிடித்து இழுத்தேன்.

வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. அவ்வளவு அமைதியை எங்கள் களத்தில் நான் கேட்டதே இல்லை.

"ஏட்டி! கூறு கெட்ட மூதி!" அப்பா கையில் டியூபோடு எழுந்து நின்றார். "இனி யாரு வந்து தள்ளுவா?"

"தள்ளிக்கலாம்பா." என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "அண்ணே, விரல மடக்கு. மடக்கிட்டன்னா நானே தனியா தள்ளுதேன்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். விரலைப் பார்த்தான். இடது கையால் அதைப் பிடித்து மடக்கினான், விட்டதும் அது தானாக நிமிர்ந்துகொண்டது. மூன்றாவது முறை மடக்கியபோது அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அப்பாவும் பார்த்தார். டியூபைக் கீழே போட்டுவிட்டு மொபெட் சாவியை எடுத்து வந்து என் கையில் திணித்தார்.

அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் லாரி, ஆட்டோ, தேங்காய் ஏற்றிய வேன். எங்களுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்து, "வழி விடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போறோம்!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே வண்டியை உருட்டிக் கேட்டுக் கம்பி வரை கொண்டு போனேன். ரயில் வரும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

"பிளஸ்ஸி" என்றான் அண்ணன், என் காதருகே. ஏட்டி என்று சொல்லவில்லை. "இப்ப வலிக்குது."

என் தோளில் வைத்திருந்த அவன் கை கனத்தது. திரும்பிப் பார்த்தேன். விரலில் இருந்த புள்ளியிலிருந்து என் வெள்ளைத் துப்பட்டாவில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. சிவப்பாக இல்லை. குழாயில் ஒழுகிய ஆயில் போலவே மஞ்சளாக, பளபளவென்று, துணியில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.