லீப்பா கஃபேயின் உறுப்பினர் அட்டை

எங்கள் துலேய் குடும்பத்தில் யாரையும் எந்தக் கடை வாசலிலும் நிறுத்தித் திருப்பி அனுப்பியதில்லை. சென்ற வசந்தத்தில் என் தம்பி மகள் இவோனாவை லீப்பா கஃபேயில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இவோனா ஊர் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். பதவி உயர்வு வந்ததற்காகக் கூட வேலை செய்பவர்களைக் காபிக்கு அழைத்திருந்தாள். நான்கு பேர் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் போன இவளிடம் வாசலில் நின்ற பெண் உறுப்பினர் அட்டை கேட்டாள். உள்ளே இருந்த நால்வரிடமும் அப்படி ஒரு அட்டை கிடையாது. ஸூஸானா என்ற தோழி மட்டும் எழுந்து வெளியே வந்தாள். மற்ற மூவரும் கேக்கைச் சாப்பிட்டு முடித்தார்கள்.

கோஷித்சே நகரத்தில் ஒரு சிறிய நிதி அமைப்பு இருக்கிறது. ஊரார் ஜிப்சி என்று இழிவாக அழைக்கும் எங்களைப் போன்ற ரோமா மக்களுக்கு நடக்கும் அநீதியை அந்தந்த ஊரிலேயே எதிர்ப்பவர்களுக்குச் சிறு சிறு தொகையாகக் கொடுப்பார்கள். இவோனாவும் ஸூஸானாவும் லீப்பா மீது வழக்குப் போட அதைக் கேட்டு வாங்கினார்கள். வக்கீலின் ரயில் செலவுக்குக் கொஞ்சம், மீதி காபிக்கு. ஆமாம், காபிக்குத்தான். முதலில் ஒரு வெள்ளைக்காரர் போய் உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அதே மாதிரி உடையணிந்த நம் ஆள் போக வேண்டும். ஒருவருக்குக் காபி கொடுத்து மற்றவரைத் துரத்தினால், முதலில் போனவர் சாட்சி. நீதிமன்றம் அதை ஏற்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

நம் ஆளாக நான் வர வேண்டும் என்று இவோனா கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பம் யாரிடமும் கை நீட்டியதில்லை. அடுத்தவர் காசில் காபி குடிக்கப் போய், அதுவும் அவமானப்படுவதற்கென்றே போய் நிற்பதா? என் அப்பா கேட்டிருந்தால் கல்லறையிலிருந்து எழுந்து வந்திருப்பார் என்றேன்.

"உங்கள யாரும் திருப்பி அனுப்பினதில்ல பெரியப்பா, சரி," என்றாள் இவோனா. "அந்தத் தெருவுலயே நீங்க காலு வச்சதில்லயே. போகாத வீட்டுல எவன் தொரத்துவான்?"

என் மனைவி அரங்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நான் முறைத்துப் பார்த்தும் அவள் சிரிப்பை நிறுத்தவில்லை.

எனக்கு உறக்கம் வராத அளவுக்கு அந்தக் கேள்வி உறுத்தியது. இருபத்திரண்டு வருடம் நான் மாவட்டக் கால்பந்து நடுவராக இருந்தவன். என் விசிலுக்கு இந்த ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் நின்றிருக்கிறார்கள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் லீப்பாவுக்குப் போகும், நான் வீட்டுக்கு வருவேன். அதுதான் மரியாதை என்று வைத்திருந்தேன். மறுநாள் இவோனாவை அழைத்து, சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

குரலை உயர்த்தக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, வெளியே போகச் சொன்னால் காரணம் மட்டும் கேட்க வேண்டும். இவ்வளவுதான் விதி. சாம்பல் நிறக் கோட்டையும் டையையும் அணிந்துகொண்டேன். ஸூஸானா முன்னதாகப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் காபியில் ஆவி பறந்தது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நானும் இவோனாவும் நுழைந்தோம். வாசலில் நின்ற பெண் இவோனாவை மட்டும் பார்த்து அட்டை கேட்டாள். இவோனா காரணம் கேட்பதற்குள் உள்ளேயிருந்து முதலாளி கரோல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தான். ஒரு காலத்தில் ஊர் அணியின் கோல் காப்பாளன். இப்போது வயிறு முன்னால் வந்திருந்தது.

"அட, துலேய் ஐயா! வாங்க வாங்க. ஏம்மா, இவரு கூட வந்தவங்ககிட்டயா அட்டை கேட்ட? இவரு பெனால்டி குடுத்தா எதிர் டீம்காரன்கூட வாயத் தொறக்க மாட்டான்."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். கரோல் எங்களை நடு மேசையில் உட்கார வைத்து, இரண்டு காபி, தன் கணக்கில் என்றான். பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் எனக்குத் தலையசைத்தார். இவோனா மேசைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை அங்கேயே முடிந்துபோயிருந்தது. இந்தக் காபியை நான் குடித்தால், ரோமாக்களுக்கும் காபி கொடுக்கிறோமே என்று கரோல் நீதிமன்றத்தில் என்னையே காட்டுவான்.

கரோல் என் தோளில் கை வைத்தான். "எல்லாரும் உங்க மாதிரி இருந்துட்டா எங்களுக்கு என்ன ஐயா பிரச்சன? அந்த மேட்டுக் குடியிருப்புக்காரங்கதான்... உங்களுக்கே தெரியும்."

மேட்டில் இருப்பவர்கள் என் அம்மாவின் உறவுகள். நான் எழுந்து நின்றேன்.

"இந்தப் பொண்ணு நாளைக்குத் தனியா வந்தா உள்ள விடுவியா கரோல்?"

அவன் சிரித்தான். "உங்க கூட வந்தா ராணி மாதிரி வரட்டும். தனியா வந்தா அட்டை வேணும், அவ்வளவுதான்."

"எனக்கும் அட்டை இல்லையே."

"உங்களுக்கு எதுக்கு ஐயா?"

"இவ என் தம்பி மக. இவளுக்கு வேணும்னா எனக்கும் வேணும். இவகிட்ட என்ன சொன்னியோ அத என்கிட்ட சொல்லு."

நான் குரலை உயர்த்தவில்லை. உட்காருங்கள் என்று அவன் கெஞ்சினான். ஆட்கள் பார்க்கிறார்கள் என்றான். காபி ஆறுகிறது என்றான். அட்டை எதற்கு, யாருக்கு என்று நான் கேட்டேன், மறுபடியும் கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது அவன் முகம் காது வரை சிவந்தது.

"சரி, போங்க. ரெண்டு பேரும் போங்க. ஜிப்சிங்களுக்கு இங்க எடமில்ல. போதுமா?"

"போதும்," என்றேன்.

ஸூஸானா கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

வெளியே வந்ததும் இவோனா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் அவனைச் சீண்டிவிட்டதாக எதிர்த்தரப்பு சொல்லலாம், வழக்கு நிற்குமோ நிற்காதோ என்று அவள் கவலைப்பட்டாள். நிற்கவில்லையென்றால் மறுபடி வருவோம், காபிக்காசு இன்னும் மிச்சமிருக்கிறதே என்றேன். அதற்கு அவள் சிரித்துவிட்டாள்.

வழக்கமாகச் சந்தைக்குப் பின்னால் போகும் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். அன்று பெரிய தெரு வழியாகப் போனேன். தபால் நிலையத்தருகே ஆட்டங்களில் எனக்குக் கோட்டோரம் கொடி பிடித்த பழைய லைன்ஸ்மேன் நின்றிருந்தார். என்ன இவ்வளவு அலங்காரம் என்று கேட்டார்.

"லீப்பாவுல தொரத்திட்டாங்க," என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "ஜிப்சியாம் நான்."

அவர் தொப்பியைக் கழற்றினார். கழற்ற வேண்டாம், அடுத்த சனிக்கிழமை வந்து ஜன்னலோரம் உட்காரும், ஒரு சாட்சி போதாது என்றேன்.

வீட்டில் அரங்கா முழுவதையும் நின்றபடியே கேட்டாள். பிறகு பீரோவைத் திறந்து, தேவாலயத்துக்கு மட்டும் அணியும் பச்சைக் கோட்டை எடுத்து, நாற்காலி முதுகில் மாட்டினாள்.

"ஒங்ககிட்ட சொன்னத எங்கிட்டயும் சொல்லட்டும்," என்றாள்.