ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பிரசவம்

“கொத்தமல்லி போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது அண்ணி? வாடை வந்தாலே குமட்டுது!”

“என் அடுப்பு, நான் போடுவேன். பிடிக்கலைன்னா பாலத்தைத் தாண்டிப் போய்ப் பெத்துக்கோ. உன் பிள்ளை எந்த நாட்டுக்காரன்னு அந்த ஆத்தையே கேளு!”

யாதிராவும் அவள் நாத்தனார் மார்லேனும் போட்ட சண்டை, மார்லேன் வீட்டுப் படியேறும்போதே இவ்வளவும் என் காதில் விழுந்தது. மெதுவாகத்தான் ஏறினேன்.

யாதிரா ஆற்றுக்கு இந்தப்புறம், பென்சில்வேனியாவின் ஈஸ்டனில் என் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கும் கணவன் வில்மருக்கும் ஈக்வடார் பாஸ்போர்ட். நிரந்தர அனுமதி இன்னும் வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளை குடிமகன் இல்லை என்று அமெரிக்க அரசு ஆணை போட்டது. நீதிபதிகள் நாடு முழுக்கத் தடுத்தார்கள். உச்ச நீதிமன்றமோ, வழக்குப் போட்டவருக்குக் குடை பிடித்தால் போதாதா, ஊருக்கெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டது. அக்கரை நியூஜெர்சி வழக்குப் போட்டிருந்தது. எங்கள் பென்சில்வேனியா போடவில்லை. அதனால் அக்கரையில் பிறந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை உறுதி. வில்மர் நிறைமாத மனைவியைக் கூட்டிக்கொண்டு அக்கரையிலிருக்கும் அக்கா மார்லேன் வீட்டுக்கே குடிபோனான். அங்கிருந்து பார்த்தால் யாதிராவின் சமையலறை ஜன்னல் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்தே அழுவாள்.

நான் வாழைக்காய் உருண்டை கொண்டுபோயிருந்தேன். கூடவே செய்தியும்.

“இன்னும் இங்கேயா இருக்கே? இன்னொரு நீதிபதி எல்லாக் குழந்தைகளையும் ஒரே கூட்டமா வழக்குல சேர்த்து, திரும்பவும் நாடு முழுக்கத் தடுத்துட்டாரே! போன வாரமே!”

யாதிரா மெல்லத் திரும்பினாள். “வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு என் போனை வாங்கி வச்சீங்களே அண்ணி, அது இதுக்குத்தானா?”

“அதையும் நாளைக்கு மேல்கோர்ட் தூக்கிட்டா? இந்தக் கரையில நியூஜெர்சி போட்ட வழக்கு ஒண்ணு, இது ஒண்ணுன்னு ரெண்டு குடை இருக்குடி!”

“வில்மர், உனக்குத் தெரியுமா?”

வில்மர் தன் பூட்ஸைக் கூர்ந்து ஆராய்ந்தான். கூரை வேலைக்குப் போகிறவனுக்கு ஊர்ச்செய்தி தெரியாமலா இருக்கும்? அக்காவை எதிர்த்துப் பேசத்தான் தெரியாது.

“என் டாக்டர் அங்கே. என் கட்டில் அங்கே. ஒரு குடை போதும்” என்று யாதிரா வீட்டுச் செருப்போடு கிளம்பி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு பாலத்தில் நடந்தாள். பின்னால் சூப்புப் பானையோடு மார்லேன், அவள் பின்னால் பெட்டிகளோடு வில்மர், கடைசியில் நான். சும்மா துணைக்கு.

அந்த வாரமே ஈஸ்டனில் பெண் குழந்தை பிறந்தது. டமாரிஸ் என்று பெயர். அமெரிக்க பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது, படத்தில் அத்தையைப் போலவே முறைக்கிறாள்.

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் கோழி சூப் கொடுப்பது எங்கள் ஈக்வடார் வழக்கம். மார்லேன் தினமும் பானையோடு பாலம் தாண்டி வந்தாள், கொத்தமல்லி போடாமல். வந்த இடத்தில், பக்கத்தில் என் வீட்டு மாடியில் தனியாக இருந்த என் மச்சினன் பானையை இறக்கிவைக்கக் கை கொடுத்தான். ஜனவரியில் கல்யாணம். நியூஜெர்சியை விட்டு எங்கள் மாடிக்கே வந்துவிட்டாள். இப்போது அந்தக் கொத்தமல்லி வாடை முழுக்க என் வீட்டுக்குள்தான்.