உட்காரவைத்து எடுத்த அளவு

ஆல்மாவின் காலை வாளித் தண்ணீரில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு வில்ஃப் படும் பாடு ஜூடித்துக்குத் தெரியவந்தது.

நார்தம்பர்லாந்துக் கடற்கரையில் அந்தத் துறைமுகத் தெருவின் ஆறாத புண்களெல்லாம் அவள் பொறுப்பு. வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றும் நர்ஸ். ஆல்மாவின் புண் நன்றாகச் சுருங்கி வந்தது. வாய் மட்டும் சுருங்கவில்லை.

"பக்கத்து வீட்டு வில்ஃப்ப பாத்தியா? நேத்து நீ கட்டு போட்டுட்டுப் போனதிலேர்ந்து ஒரு பேச்சு இல்ல. திட்டக்கூட இல்ல. எனக்கே பயமா இருக்கு."

"புதுசுல இறுக்கமாத்தான் இருக்கும், ஆல்மா. பழகிடும்."

"என்னமோ. போன வாரமே சொன்னான், காலைத் தூக்கி வெச்சா நெருப்பா எரியுதாம். தொங்கப் போட்டாத்தான் அடங்குதாம். அதான் ராத்திரி பூரா நாற்காலியில கெடக்கான்."

ஜூடித்தின் கை தண்ணீருக்குள் நின்றது.

"மனைவி பெக்கி இறந்துபோனதுக்கப்புறம் கட்டில்ல படுக்க அவருக்கு மனசு வரல. அதனால இல்லையா?"

"யாரு சொன்னா? பெக்கி இருக்கும்போதே அவன் தனி ரூம். அவ குறட்டை இந்தச் சுவரைத் தாண்டி எனக்கே கேக்கும்."

ஜூடித் சிரிக்கவில்லை. ஈரத்தை ஒற்றி, புண்மேல் பஞ்சுத்துணி வைத்து மூடினாள். "இப்ப வந்துடுறேன்" என்று பையை எடுத்தாள்.

கால் புண்ணில் இரண்டு வகை உண்டு. கீழே வந்த ரத்தம் மேலே திரும்ப முடியாமல் தேங்கினால், இறுக்கக் கட்டுவதுதான் மருந்து. ரத்தம் கீழே வருவதே குறைந்துபோயிருந்தால், அதே கட்டு காலைக் கொன்றுவிடும். அப்படிப்பட்ட காலைத் தொங்கப் போட்டால்தான் கொஞ்சமாவது ரத்தம் இறங்கி வலி அடங்கும். எது எது என்று அறிய, கட்டுக்கு முன் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிட வேண்டும். ஆளைப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் கணுக்காலின் அளவு பொய்யாக ஏறிவிடும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதலில் அவள் சொல்லித்தருவதே இதுதான்.

நேற்று வில்ஃப் படுக்கமாட்டேன் என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். சுவரில் பெக்கியின் படம். ஜூடித்துக்கு மனசு கேட்கவில்லை. சரி, உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம் என்றாள். அளவு நன்றாக வந்தது. அவளும் நிம்மதியாகவே கட்டினாள்.

வில்ஃபின் வீட்டுக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டாமல் பின்பக்கம் சுற்றிப் போனாள்; அந்தத் தெருவில் பின்கதவை யாரும் பூட்டுவதில்லை.

வில்ஃப் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். முகம் வேர்த்திருந்தது.

"நாளைக்குத்தானே வரணும், கண்ணு?"

அவள் ஏற்கெனவே முழங்கால் போட்டிருந்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் சாம்பல் நிறம். தொட்டாள். ஐஸ் போட்ட மீன் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தன. கத்தரிக்கோலை நுழைத்து ஒவ்வொரு அடுக்காக வெட்டினாள். கடைசி அடுக்கு விலகியதும் அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"வலிக்குதுன்னா எனக்கு போன் பண்ணக் கூடாதா?"

"நாப்பது வருஷம் படகுல போனவன். ஒரு துணிக்கட்டுக்காக போன் பண்ணச் சொல்றியா?"

"பெக்கி நினைப்புல படுக்க முடியலன்னு சொன்னீங்களே."

"நான் எங்க சொன்னேன்? நீதான் சொன்ன. அவ்வளவு பிரியமா சொன்ன. நான் தலையாட்டிட்டேன்."

ஜூடித் வெட்டிய கட்டைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"வில்ஃப், எரிஞ்சாலும் கொஞ்ச நேரம் படுக்கணும். நான் கூடவே இருக்கேன்."

கட்டிலில் படுக்கவைத்ததும் பாதம் மெழுகுபோல் வெளுத்தது. அவர் போர்வையை முறுக்கிப் பிடித்தார். ஜூடித் கணுக்காலில் களிம்பு தடவி, நாடி கேட்கும் கருவியை வைத்தாள். நல்ல காலில் குதிரை ஓடுவதுபோல் கேட்கும். இங்கே ஒன்றுமில்லை. முனையை நகர்த்தினாள். ஒன்றுமில்லை. இன்னும் சற்று உள்பக்கம். தூரத்தில் அலை ஒன்று கரைக்கு வந்து, வந்த வழியே போனதுபோல் ஒரு சத்தம். காலில் சுற்றிய ரத்த அழுத்தப் பட்டையில் காற்றை ஏற்றத் தொடங்கியதுமே அதுவும் அடங்கிவிட்டது. கணுக்காலின் அளவு கையின் அளவில் பாதிகூட இல்லை.

மருத்துவமனையின் ரத்தக்குழாய்ப் பிரிவுக்கு அங்கிருந்தே போன் செய்தாள். எதிர்முனையில் இருந்த டாக்டர், படுக்கவைத்துத்தானே அளந்தீர்கள் என்று கேட்டார். "இன்னிக்குப் படுக்கவெச்சு. நேத்து உட்காரவெச்சு அளந்துதான் கட்டினேன்" என்றாள். உடனே அனுப்புங்கள், வண்டி வரும் என்றார் டாக்டர்.

வில்ஃப் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அப்ப, தப்பு உன்னுதா?"

"ஆமா."

"ம்." ஜன்னலைப் பார்த்தார். வெளியே கடற்பறவைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. "கால் போயிடுமா?"

"தெரியல, வில்ஃப்."

"நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"நேத்து சொன்னதே போதும்."

அவர் அதற்குச் சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது. ஜூடித் தரையில் உட்கார்ந்து அவருடைய கால் பெருவிரலை மெல்ல அழுத்திவிட்டு எடுத்தாள். அழுத்திய இடம் வெள்ளையாக நின்றது; ரத்தம் வந்தால்தான் நிறம் திரும்பும். இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை போகவில்லை. பிறகு ஓரத்திலிருந்து மிக மெதுவாக, நம்பலாமா கூடாதா என்று தெரியாத அளவுக்கு, நிறம் வரத் தொடங்கியது.

"இன்னொரு வாட்டி அழுத்து" என்றார் வில்ஃப்.