தொண்ணூற்றாறு தட்டு

இப்போது கேட்டுவிடுவார். இல்லை, டீ தீரட்டும் என்று காத்திருக்கிறார். கேட்பதற்குள் இந்த ஒன்பது வினாடியை இன்னும் ஒரு தடவை தாண்டிவிட வேண்டும். பின்னாலிருந்து என் கையைத்தான் பார்க்கிறார். பார்க்கட்டும். விரலை இறுக்காதே. தோளை இறக்கு. மூச்சை விடு.

கிறிஸ்டினா டேப்லெட்டில் அந்த இடத்தை மறுபடி ஆரம்பத்துக்கு இழுத்தாள். அவள் கணவன் ஜோஸ்வின் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை காலை பத்தரை மணி. மறைமலை நகரில் நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் இந்நேரம் தூங்கிப்போயிருப்பான். இன்று யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

திரையின் மேலிருந்து பாட்டின் தாளத்துக்கு நீலக் கட்டைகள் விழும். கீழே இருக்கும் கோட்டை ஒரு கட்டை தொடும்போது தட்ட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மதிப்பெண் குறையும். விட்டால் தொடர் அறுந்துவிடும். நாளைக்குப் பல்லாவரம் பக்கம் ஒரு மாலில் இந்த விளையாட்டுக்கு இறுதிப் போட்டி. முதல் சுற்றுக்கு வந்திருக்கும் பாட்டின் நடுவில் கட்டைகள் படிக்கட்டுபோல் இறங்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு ஆள்காட்டி விரலும் மாறி மாறி, ஒன்பது வினாடியில் தொண்ணூற்றாறு தட்டு.

இந்த முறை எழுபத்தோராவது கட்டையில் இடது விரல் பிந்தியது. பக்கத்திலிருந்த ரஃப் நோட்டில் 71 என்று எழுதினாள். அதற்கு மேல் ஏற்கெனவே நான்கு 71 இருந்தன.

"இன்னும் கொஞ்சம் ஸ்பீடா வெச்சுப் பாரேன்" என்றான் ஜோஸ்வின்.

அவள் வேகத்தை எழுபது சதவீதத்துக்குக் குறைத்தாள்.

பழகும் முறையை அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். கை தடுக்கும் இடத்தில் இரண்டு வினாடியை மட்டும் வெட்டி எடுத்து, பாதி வேகத்தில் இருபது முறை. இருபதும் சுத்தமாக வந்தால் ஐந்து சதவீதம் ஏற்றம். பத்தொன்பது வந்து ஒன்று விட்டால் ஏற்றமில்லை. அவள் மாலையில் ஆன்லைனில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவள்; அவசரத்தில் ஒரு படியைத் தாண்டுகிற பிள்ளை எங்கே போய் விழும் என்று தெரியும். ஜோஸ்வினுக்கு மூன்று வாரமாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். அவன் நாலாவது முறை நன்றாக வந்ததுமே வேகத்தை ஏற்றிவிடுவான். முழு வேகத்தில் முப்பதாவது தட்டைத் தாண்டியதில்லை. நேற்று முன்தினம் டேப்லெட்டைக் கட்டிலில் எறிந்துவிட்டு, இந்தப் பாட்டைப் போட்டவனுக்குக் கை இருக்கிறதா என்று கேட்டான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

டேப்லெட் அவனுடையது. அவன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதை விளையாடுகிறவன். சென்னை ஆட்டக்காரர்களின் குழுவில் அவனுக்கு ஒரு மதிப்பு உண்டு. பகலில் அவன் தூங்கும்போது, அவன் தூக்கம் கெடாமல் சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டு, பொழுது போகட்டும் என்று அவள் ஹாலில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். பாட்டு எப்படி இருக்கும் என்று தெரியாமலே, கண்ணால் மட்டும் பழகினாள். அது யாருடைய கணக்கில் பதிவாகிறது என்று யோசிக்கவே இல்லை. அவன் பெயரில் திறந்து கிடந்தது, தட்டினாள், அவ்வளவுதான். ஜூலையில் ஒரு நாள், அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது, இந்தப் பாட்டை ஒரு கட்டைகூட விடாமல் முடித்தாள்.

ஜோஸ்வின் எழுந்தபோது, அவன் பெயரில் பதிவான அந்த மதிப்பெண்ணைப் பாராட்டி அவன் போனில் நாற்பது செய்தி. குழுவில் ஒருத்தன், "மச்சான், கல்யாணத்துக்கு அப்புறம் கை வேகம் கூடிடுச்சே, அண்ணிக்குத்தான் நன்றி சொல்லணும்" என்று எழுதியிருந்தான். அதை அவளுக்குப் படித்துக் காட்டி, வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு, "நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் நன்றி அனுப்பினான்.

அன்று அவளும் சிரித்தாள். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை, அவனை அல்ல. யாரோ தன் கையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகும்போது வாசல்வரை வந்து வழியனுப்பியதுபோல ஒரு சிரிப்பு. உண்மையில் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு நாளில் அந்தப் பெருமை போய்விட்டது. தன் பெயரில் புதிதாக ஒரு கணக்குத் திறந்தாள். பூஜ்யத்திலிருந்து.

தகுதிச் சுற்றில் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஜூலை மதிப்பெண்ணால் ஜோஸ்வின் நான்காவது. தன் பெயரில், நடுவில் இரண்டு கட்டை விட்டு, கிறிஸ்டினா எட்டாவது. போட்டியை நடத்தும் சினேகா போன் செய்து, "அக்கா, ஒரே வீட்ல ரெண்டு ஃபைனலிஸ்ட், செமக்கா" என்றாள். பிறகு சீட்டுக் குலுக்கியதில் முதல் சுற்றில் ஜோஸ்வினுக்கு எதிரே விழுந்தது கிறிஸ்டினா பெயர். அதற்கும் சினேகா சிரித்தாள். சமையல் யாருக்கு என்பது மேடையிலேயே முடிவாகிவிடும் என்றாள்.

எழுபது சதவீதத்தில் இருபதும் வந்தது. எழுபத்தைந்து. எண்பது. பின்னால் டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

நேராகக் கேட்கவில்லை. முதலில் சுப்ரமணியன் சாரைப் பற்றிச் சொன்னான். அவர் அவனுடைய ஷிஃப்ட் இன்சார்ஜ். நாளைக்குக் குடும்பத்தோடு வருகிறாராம். அவனோடு லைனில் வேலை பார்க்கும் ஆறு பேர் வருகிறார்களாம். பிறகு இரண்டாம் சுற்றுப் பாட்டைப் பற்றிச் சொன்னான். அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த ஒரு சுற்றைத் தாண்டிவிட்டால் அவன் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. மேடையில் ஆட்டக்காரர்களின் கையைப் பெரிய திரையில் காட்டப்போகிறார்கள் என்பதையும் சொன்னான். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

"அந்த ஜூலை ஸ்கோரைப் பத்தி நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லப் போறதில்லங்க" என்றாள் கிறிஸ்டினா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ சொல்லவே வேணாம் கிறிஸ்டி. உன் கையையும் என் கையையும் பக்கத்துல பக்கத்துல காட்டினா பார்க்கிறவனுக்கே புரிஞ்சிடும்."

கட்டை ஒன்று கோட்டைத் தாண்டிப் போனது. எத்தனையாவது என்று அவள் பார்க்கவில்லை.

அவன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இயந்திர எண்ணெய் வாடை அடித்தது. கண் சிவந்திருந்தது. பாவம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் சம்மதித்தது இந்தப் பரிதாபத்தில்தான். தாம்பரத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டது, அவன் தூக்கத்துக்காகப் பகலெல்லாம் மிக்ஸி போடாமல் இருப்பது. எதையும் அவன் கட்டாயப்படுத்தியதில்லை. களைத்துப்போன முகத்தோடு பக்கத்தில் வந்து உட்காருவான், அவ்வளவுதான்.

"உனக்கு இது டைம்பாஸ்" என்றான். "எனக்கு அப்படி இல்ல. எட்டு வருஷமா ஆடறேன். அடுத்த வருஷம் நீ போ, நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

டைம்பாஸா? அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். கோப்பை வேண்டுமா? வேண்டாம். அவனைத் தோற்கடிக்க வேண்டுமா? அதுவும் இல்லை என்றுதான் நினைத்தாள். முழுக்க இல்லை என்று சொல்லத் துணிவில்லை. அந்த ஒன்பது வினாடியில் அவள் யாருக்கும் எதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அடுத்த கட்டை, அதற்கடுத்த கட்டை. அதை ஒரு முறையாவது, தன் பெயர் மேலே எழுதியிருக்கும்போது, நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டும். இவ்வளவுதான் ஆசை. சொல்லிப் பார்த்தால் ரொம்பச் சின்னதாக இருக்கும். அதனால்தான் இதுவரை சொல்லவில்லை.

ஜோஸ்வின் அவளுடைய போனை நீட்டினான். எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. சினேகாவுக்கு ஒரு செய்தி தயாராக அடித்து வைத்திருந்தான். காலையிலிருந்து வலது மணிக்கட்டில் நல்ல வலி, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார், நாளைக்கு வர முடியாது, மன்னிக்கவும். கடைசியில் கைகூப்பும் படம் ஒன்று. அவள் எப்படி எழுதுவாளோ அப்படியே, 'சினேகாம்மா' என்று ஆரம்பித்திருந்தது. அனுப்பும் குறியைத் தொட்டால் போதும்.

"இதுக்கு மேல நான் உன்கிட்ட எதுவுமே கேட்க மாட்டேன்" என்றான்.

அவள் செய்தியை இரண்டு முறை படித்தாள். தன் வலது கையை மடியில் திருப்பி வைத்து, மணிக்கட்டை இடது விரல்களால் மெதுவாக அழுத்திப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கையில வலி இல்லைங்க" என்றாள்.

"அது தெரியும் கிறிஸ்டி, நான் சொல்றது..."

"நாளைக்கு நான் வரேன்."

அவன் நீட்டிய போனை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.