பாக்கி இருபது

கொல்லிமலை ஏற்றத்தில் எங்கள் சைக்கிள் கிளப் முப்பது வருடமாகப் பந்தயம் நடத்துகிறது. மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். போர்டுகளில் எண் அடிவாரத்திலிருந்து ஏறும். நாங்கள் மட்டும் இன்னும் எத்தனை பாக்கி என்று தலைகீழாக எண்ணுவோம். ஓட்டுபவனுக்குத் தெம்பாக இருக்கும் என்று அதை ஆரம்பித்த மகாபுத்திசாலி நான்தான்.

இந்த வருடப் பந்தயத்தில், அடிபட்டவர்களை ஏற்றும் வேனோடு அடிவாரத்தில் நின்றிருந்தேன். மேலே ஒரு வளைவில் கொடி பிடித்திருந்த கோகிலா போன் செய்தாள்.

"எந்தம்பி தனபால் சைக்கிளோட உழுந்துட்டானுங்கண்ணா! தலையில ரத்தம் நிக்கவே இல்லீங்க. இருபதாவது வளைவு."

லைன் போய்விட்டது. இருபதாம் போர்டுக்கு விரட்டினேன். அங்கே ஒரு குரங்குதான் உட்கார்ந்திருந்தது. அவள் சொன்னது பாக்கி இருபது. அதாவது ஐம்பதாவது போர்டு. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுபடி விரட்டினேன். முப்பத்தொன்றாம் போர்டில் மரவள்ளி லாரியும் பஸ்ஸும் எதிரெதிரே மாட்டி நின்றன. யார் பின்னால் எடுப்பது என்று டிரைவர்கள் சண்டை. நான் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

போன் அடித்தது. "எங்க இருக்கீங்கண்ணா?"

"முப்பத்தொண்ணுல, கோகிலா."

"அப்ப பதினோரு வளைவுதானுங்களே! சாமி, கண்ண மூடாதடா, அண்ணன் பக்கத்துல வந்துட்டாரு."

அது பாக்கி இல்லை, போர்டு எண், இன்னும் பத்தொன்பது வளைவு என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது.