ஒன்றேகால் வேகம்

பதினொரு மணிக்கு இணையவழிக் கூட்டம். பத்து இருபதுக்கே ஆய்வு மாணவிக்கு வியர்த்துக் கொட்டியது.

திரையில் ஒரு சினிமாப் பாட்டு. அதன் நீளம் நாலு நிமிடம் இருபது நொடி. ஆனால் அட்டவணையில் அண்ணி பதிந்திருந்தது மூன்று நிமிடம் இருபத்தெட்டு. மீதி ஐம்பத்திரண்டு நொடி எங்கே போயிற்று?

நாற்பது வருடத்தில் பாட்டுகள் வேகமாகிவிட்டனவா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பாட்டை ஓடவிட்டுத் தாளத்துக்குத் தாளம் விசையைத் தட்டினால், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று மென்பொருள் சொல்லிவிடும். பழைய பாட்டு முந்நூறையும் அவள் தட்டினாள். புதிய முந்நூறை வேறு ஊரிலிருந்து தட்டியது அவள் அண்ணி. மருந்துக்கடை வைத்திருப்பவள். "கூட்டம் இல்லாத நேரத்துல தட்டித் தர்றேன், குடுடி" என்று தானாகவே கேட்டு வாங்கியவள்.

முடிவு அபாரம். புதிய பாட்டுகள் கால் பங்குக்கு மேல் வேகம்! வழிகாட்டிப் பேராசிரியர் துள்ளிக் குதித்தார். இன்றைய கூட்டத்தில் ஆய்வுக் குழு தலையாட்டினால் ஆராய்ச்சிக்கு இன்னும் ஒரு வருடம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போனை எடுத்தாள்.

"அண்ணி, பாட்டையெல்லாம் எப்படிக் கேட்டீங்க?"

"காதாலதான்டி."

"விளையாடாதீங்க. என்ன வேகத்துல ஓடவிட்டீங்க?"

"எப்பவும் போல ஒன்னேகால்."

அவள் அட்டவணையை மேலும் கீழும் உருட்டினாள்.

"எப்பவும் போலவா?"

"செய்தி, பேட்டி, உங்கண்ணன் அனுப்புற குரல் பதிவு, எல்லாமே ஒன்னேகால்தான். சாதா வேகத்துல கேட்டா எல்லாரும் தூக்க மாத்திரை போட்ட மாதிரி பேசுறாங்கடி."

சட்டென்று ஒரு நம்பிக்கை. எல்லாவற்றையும் ஒன்றேகாலால் வகுத்துவிட்டால் தீர்ந்தது!

"முந்நூறும் ஒன்னேகால்தானே?"

"சேச்சே. அலுப்படிச்சதையெல்லாம் ஒன்றரையில வச்சேன்."

"எதெதுன்னு ஞாபகம் இருக்கா?"

"அலுத்ததை யாராவது ஞாபகம் வச்சுக்குவாங்களா?"

நம்பிக்கை பொசுக்கென்று அணைந்தது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் குழுவில் 'கத்தரி' இருந்தார். ஆய்வேடுகளை நறுக்கித் தள்ளுவதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர்.

பதினொன்று. முதல் பக்கத்தில் வரைபடம் மலைபோல் ஏறி நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், இந்தப் படம் தப்பு." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை.

கத்தரி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க அண்ணிக்கு வித்தியாசமாவே தெரியலையா?"

"சாதா வேகம்தான் வித்தியாசமா இருக்காம் சார்."

"எனக்கும் அப்படித்தான்," என்றார் குழுவிலிருந்த புள்ளியியல் அம்மாள், மெல்ல.

பேராசிரியர் செருமினார். "நானும்... உன் அத்தியாயத்தையே கம்ப்யூட்டரைப் படிக்கவிட்டு ஒன்றரையிலதான்மா கேட்டேன்."

"நடை விறுவிறுப்பா இருக்குன்னு பாராட்டினீங்களே சார்!"

கத்தரி முதல்முறையாகச் சிரித்தார். "பாட்டு வேகமாச்சான்னு தெரியல. கேக்கிறவங்க வேகமாயிட்டாங்க. அதையும் சேர்த்து அளங்க. ஒரு வருஷம் தர்றோம். ஆனா அந்த முந்நூறையும் நீங்களே உட்கார்ந்து தட்டணும். சாதா வேகத்துல."

கூட்டம் முடிந்ததும் அண்ணிக்குச் சொன்னாள்.

"முந்நூறையும் முழுசாவா? ஐயோ பாவம்டி நீ!"