கதவுக்கு அந்தப் பக்கம்

மனைவி மனநல மருத்துவர். அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும், கட்டடப் பொறியாளரான அவன் தன் வேலையை உதறிவிட்டு மகளோடு கூடவே கிளம்பி வந்தான். வந்த இடத்தில் அவன் படிப்பை யாரும் சீந்தவில்லை. மகளைப் பள்ளியில் விடுவதும் சமைப்பதுமாகப் பொழுது போனது.

அதில்கூட அவனுக்குக் குறையில்லை. மனைவியின் பார்வைதான் உறுத்தியது. சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்பாள். நோயாளிகளிடமும் இதே குரலில்தான் கேட்பாளோ? தட்டைக் கவனிக்கிறாள் என்று பசியில்லாமலே மறுசோறு போட்டுக்கொண்டான். டிவியில் சிரிப்பே வராத இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தான்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மகள்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். போச்சுடா என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊரிலிருக்கும் தன் பழைய சீனியர் டாக்டரம்மாவோடு போனில் பேசினாள். துணிக்கூடையோடு வந்தவன் கதவருகே நின்றுவிட்டான்.

"தூக்கமே இல்ல மேடம். சாப்பாடும் இறங்குறதில்ல. வெளிய சிரிப்பு, உள்ள ஒரே பயம். வீட்ல இன்னும் வாயத் திறக்கல. மாத்திரை ஆரம்பிச்சிரலாமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. அவள் வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினான்.

"கட்டிக்கிட்டவனையே கேஸாக்கிட்டியா? எனக்கு எதுக்கு மாத்திரை?"

அவள் திகைத்தாள். "உங்களுக்கா? அய்யோ, நான் என்னைப் பத்தித்தான் பேசிட்டிருந்தேன்!"

கூடையைக் கீழே வைத்தான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மொழி தெரியும்னு நம்பித்தான் வந்தேன். பேஷன்ட்டுங்க அழுதுகிட்டே வேகமா பேசினா பாதி புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டுறேன். தப்பா மருந்து எழுதிருவேனோன்னு பயமா இருக்கு. நீங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்கீங்க, உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க கேட்டுடக் கூடாதுன்னுதான் வந்ததும் நானே முந்திக்கிட்டுக் கேட்பேன்."

"நான் நல்லாருக்கேன்னு காட்டத்தான் தெனமும் மூக்குப் பிடிக்கத் தின்னேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது.

மறுநாள் காலை அவளோடு அவனும் ஆஸ்பத்திரிக்குப் போனான். கொஞ்ச நாளைக்கு உள்ளூர் நர்ஸ் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று தலைமை மருத்துவரிடம் அவளே கேட்டாள். "முதல் நாளே கேட்டிருக்கலாமே" என்று அவர் சம்மதித்தார்.

அவன் வெளியே பெஞ்சில் காத்திருந்தான். முதல் நோயாளி போனதும் அவள் தலையை நீட்டினாள்.

"எல்லாம் புரிஞ்சுது. நீங்க கிளம்புங்க. உங்களைப் பேஷன்ட்டுன்னு நெனச்சுக்கிட்டு ஆளாளுக்குப் பார்க்குறாங்க."